மலையோடையில் கயாக்: கோளாறைக் கீழே தேடாதீர்கள், மேலே தேடுங்கள்

தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் கோழிக்கோடு மாவட்டத்துக் கோடஞ்சேரிப் பக்கம் சாலிப்புழாவும் இருவஞ்சிப்புழாவும் பாறைக்குப் பாறை தாவி ஓடத் தொடங்கும். புலிக்கயத்தில் நடக்கும் மலபார் நதித் திருவிழாவால் இன்று பல நாட்டுக் கயாக் (இருமுனைத் துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) வீரர்கள் அறிந்திருக்கும் நீர் அது. அகலமான ஆற்றில் பழகியவர்கள் இங்கே வந்ததும் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. பெரிய ஆற்றில் தவறு செய்தால் திருத்திக்கொள்ள இடம் கிடைக்கும். செங்குத்து ஓடையிலோ ஒரு வீழ்ச்சியில் செய்த தவறு அடுத்த வீழ்ச்சியின் தலைமாட்டில் உங்களைக் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

கோளாறு கண்ணில் படுவது பெரும்பாலும் வீழ்ச்சியின் அடியில்தான். அது பிறந்த இடம் இரண்டு துடுப்பு வீச்சுக்கு மேலே இருக்கும், அல்லது காலையில் படகில் ஏறி உட்கார்ந்த விதத்தில் இருக்கும். ஆகவே ஒவ்வொரு குறிக்கும் கீழிருந்து மேல்நோக்கித் தேடுவதுதான் இந்த வழிமுறை. ஓடும் நீரில் இரண்டு பக்கமும் ரோல் செய்ய, அதாவது கவிழ்ந்த படகை உள்ளே இருந்தபடியே நிமிர்த்தத் தெரிந்து, நடுத்தரக் கடினமுள்ள மூன்றாம் தர நீரில் பதற்றமில்லாமல் இறங்கக்கூடியவர்களுக்காக எழுதுகிறேன். அந்த நிலைக்கு இன்னும் வராதவர்கள் முதலில் மடுவிலும் சிறு ஓட்டத்திலும் பழகட்டும்.

குறி: வீழ்ச்சியில் படகின் மூக்கு குத்திக்கொண்டு அமிழ்கிறது

மூக்கைத் தூக்கி நிறுத்தி, அடியில் சுருளும் நீரைத் தாண்டித் தட்டையாக இறங்குவதை பூஃப் என்கிறோம். அது அமையாதபோது மூன்றில் ஒன்று நடக்கும். மூக்கு செங்குத்தாக அமிழும். ஒரு பக்கமாகச் சரிந்து விழுவீர்கள். அல்லது நன்றாக இறங்கியும் வால் பிடிபட்டுப் பின்புறமாக இழுபடுவீர்கள். மூன்றுக்கும் காரணம் வெவ்வேறு. கரையில் நிற்கும் நண்பரைப் பக்கவாட்டிலிருந்து கைபேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். முகத்துக்கு நேரே எடுத்த படம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

படத்தில் கடைசித் துடுப்பு வீச்சு விழும் கணத்தில் நிறுத்திப் பாருங்கள். அப்போதே மூக்கு விளிம்புக்குக் கீழே சாய்ந்துவிட்டிருந்தால் வீச்சு தாமதம். வீச்சுக்கு மூக்கு எழுந்து, விளிம்பை அடைவதற்குள் மறுபடியும் தாழ்ந்துவிட்டால் வீச்சு முந்திவிட்டது. பயத்தால் முந்துகிறவர்களே அதிகம். கால்கள் விளிம்பைக் கடக்கும் நேரத்தில் துடுப்பின் இலை விளிம்பிலேயே செங்குத்தாகப் பதிய வேண்டும். அதைப் பிடிமானமாக வைத்து இடுப்பை முன்னே தள்ளி, முழங்கால்களை மேலே இழுக்க வேண்டும். மூக்கைத் தூக்குவது கை இல்லை, இடுப்பு. அரை மீட்டர் உயரமுள்ள ஒரு படிப்பாறையில் இதை அலுக்க அலுக்கச் செய்து பார்த்த பிறகே பெரியதற்குப் போங்கள்.

வீச்சு சரியான கணத்தில் விழுந்தும் வால் பிடிபடுகிறது என்றால் உங்கள் முதுகைப் பாருங்கள். மூக்கைத் தூக்கப் பின்னால் சாய்ந்தவர் அப்படியே சாய்ந்தபடி இறங்கியிருப்பார். காற்றில் இருக்கும்போதே உடல் முன்னுக்கு வர வேண்டும். இறங்கியதும் அடுத்த வீச்சு காத்திருக்காமல் விழ வேண்டும். ஒரு பக்கமாகச் சரிந்து விழுகிறவர் துடுப்பைச் செங்குத்தாகப் பிடிக்காமல் அகலமாக வளைத்து இழுத்திருப்பார், அல்லது வீச்சு முடிந்த பிறகும் உடலை அந்தப் பக்கமே விட்டிருப்பார்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் மூக்கு எழவில்லையென்றால் காரணம் படகுக்குள் இருக்கிறது. காய்ந்த தரையில் படகில் உட்கார்ந்து இடுப்பை இடமும் வலமும் ஆட்டுங்கள். நீங்கள் அசைந்த அதே கணத்தில் படகும் அசைய வேண்டும். நடுவே ஒரு சின்ன இடைவெளி உணர்ந்தாலும் இடுப்புப் பக்கத்தில் நுரைப் பட்டை சேர்த்து இறுக்குங்கள். பாதம் முழுவதும், குதிகால் உட்பட, முன்தடுப்பில் பதிந்திருக்க வேண்டும். நுனிவிரல் மட்டும் தொட்டிருந்தால் பாறையில் மோதும்போது கணுக்கால் போய்விடும். எங்கள் பக்கம் புதியவர்கள் மாதக்கணக்கில் பூஃப் பழகியும் தேறாமல் இருந்து, அரை மணி நேரம் நுரை வெட்டி ஒட்டியதும் தேறிவிடுவதைப் பார்க்கிறேன். படகை உடம்புக்குப் பொருத்துவதில் செலவிடும் நேரத்தைப் போலப் பலன் தருவது இந்த விளையாட்டில் வேறில்லை.

இதற்கு ஓர் எல்லை உண்டு, அதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். வெண்ணுரையாகக் காற்றுக் கலந்த நீர் மென்மையானது. பச்சையாக அசையாமல் கிடக்கும் நீர் கடினமானது. ஐந்தாறு மீட்டருக்கு மேற்பட்ட வீழ்ச்சியிலிருந்து பச்சை நீரில் தட்டையாக இறங்கினால் முதுகெலும்பு நசுங்கும். அங்கே மூக்கை வேண்டுமென்றே சாய்த்து, உடலை முன்னுக்கு மடக்கி, துடுப்பைப் பக்கவாட்டில் ஒதுக்கி உள்ளே போக வேண்டும். ஆழம் தெரியாத மடுவில் இரண்டுமே கூடாது.

குறி: ஹோல் பிடித்துக்கொண்டு விடவில்லை

வீழ்ச்சியின் அடியில் நீர் மேல்நோக்கித் திரும்பிச் சுருளும் இடம் ஹோல். அதில் குறுக்காக மாட்டினால் முதலில் செய்ய வேண்டியது கீழ்நீர்ப் பக்கம் சாய்ந்து, அங்கே துடுப்பை ஊன்றி, மூச்சை நிதானப்படுத்துவது. மேல்நீர்ப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தாலும் விழும் நீர் படகின் விளிம்பைப் பிடித்துக் கவிழ்த்துவிடும். நிலைபெற்ற பிறகு முன்னும் பின்னுமாகத் துடுப்புப் போட்டு ஹோலின் ஏதாவது ஒரு முனைக்கு நகருங்கள். தப்பும் வழி நடுவில் இல்லை, முனையில்தான் இருக்கிறது.

முனை விடுமா விடாதா என்பதைக் கரையிலிருந்தே படித்திருக்க வேண்டும். ஹோலின் இரண்டு முனைகளும் கீழ்நீர் நோக்கி வளைந்திருந்தால் அது உங்களை வெளியே தள்ளிவிடும். முனைகள் மேல்நீர் நோக்கி வளைந்திருந்தால் எங்கு நகர்ந்தாலும் நடுவுக்கே கொண்டுவரும். அடுத்து, வீழ்ச்சியிலிருந்து எவ்வளவு தூரம் கடந்த பிறகு நீர் மறுபடியும் கீழ்நோக்கி ஓடத் தொடங்குகிறது என்று பாருங்கள். ஓடைப் படகுகள் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நீளம். திரும்பிவரும் நீர் அதைவிட நீண்டிருந்தால் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றி நடந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு மட்டையையோ காய்ந்த கிளையையோ மேலே எறிந்து பாருங்கள். அது சுற்றிக்கொண்டே இருந்தால் நீங்களும் அங்கே சுற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

கேரளத்து ஆறுகளில் அடிக்கடி எதிர்ப்படும் தடுப்பணையைத் தனியாகச் சொல்ல வேண்டும். உயரம் ஒரு மீட்டர்தான், பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் அதன் சுருள் கரையிலிருந்து கரை வரை ஒரே நேர்கோடு. இரு பக்கமும் சுவர். நகர்ந்து போக முனையே இல்லை. இயற்கையான வீழ்ச்சி எவ்வளவு உயரமானாலும் பெரும்பாலும் ஏதாவது ஒரு பக்கம் குறை வைத்திருக்கும். மனிதன் கட்டியதில் அந்தக் குறை இல்லை. வெள்ளக் காலத்தில் தடுப்பணையில் இறங்கவே கூடாது.

படகைவிட்டு வெளியே வந்த பிறகும் ஹோல் விடவில்லையென்றால் மேற்பரப்பில் போராடாதீர்கள். முழங்காலை மார்போடு சேர்த்துச் சுருண்டு ஆழத்துக்குப் போங்கள். வெளியேறும் நீரோட்டம் அடியில்தான் இருக்கிறது.

குறி: ரோல் பாதியில் விழுகிறது

தலை முதலில் எழுகிறது என்பதுதான் எப்போதுமே முதல் சந்தேகம். தலை கடைசியாகத்தான் வர வேண்டும். துடுப்பு இலையைக் கண்ணால் பின்தொடர்ந்தால் தலை தானே தாழ்ந்திருக்கும். குளத்தில் சரியாக வரும் ரோல் ஓடையில் மட்டும் வரவில்லையென்றால் வேறு இரண்டு காரணங்கள். ஒன்று, நுரை நீரில் துடுப்புக்குப் பிடிமானம் கிடைக்காது. ஓரிரு நொடி பொறுத்தால் நுரையைக் கடந்து கெட்டியான நீர் வரும். இன்னொன்று, கவிழ்ந்ததும் உடல் பின்னால் மல்லாந்துவிடுவது. ஆழமில்லாத ஓடையில் இதில் முகம் பாறையில் மோதும். கவிழும்போதே முன்னுக்கு மடங்கி உங்கள் மூக்கைப் படகின் மேல்தட்டோடு ஒட்டுங்கள். அடி ஹெல்மெட்டிலும் லைஃப் ஜாக்கெட்டிலும் படட்டும்.

குறி: எடிக்குள் நுழையும்போது கவிழ்கிறது, அல்லது எடி தவறிப்போகிறது

பாறைக்குப் பின்னால் நீர் மேல்நோக்கித் திரும்பி ஓய்ந்திருக்கும் இடம் எடி. நுழையும்போது கவிழ்ந்தால், திரும்பும் பக்கத்துக்கு உடலைச் சாய்க்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். தவறவிட்டால், எடி பக்கத்தில் வந்த பிறகுதான் திரும்பத் தொடங்கியிருக்கிறீர்கள். மேலே இருக்கும்போதே அதை நோக்கி வேகம் பிடித்து, பாறையை உரசிக்கொண்டு அதன் உச்சியிலேயே நுழையுங்கள். எடியின் வால் பகுதியில் நுழைகிறவரை அது பிடித்து வைக்காது. கீழே பெரிய வீழ்ச்சி இருக்கும் இடத்தில், பிடித்தே ஆக வேண்டிய எடி ஒன்றுதான் என்றால், அதற்கு முந்தைய எடியிலேயே கரையேறுவது என் வழக்கம்.

குறி: படகு கனக்கிறது, திரும்ப மறுக்கிறது

உள்ளே நீர் சேர்ந்திருக்கிறது. எங்கிருந்து என்பதைக் கண்டுபிடிக்க ஊகிக்க வேண்டாம். கரையேறி நீரை முழுக்க வடித்து, வடிகுழாய் மூடி இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு படகை இரண்டு கற்களின் மேல் தூக்கி வைத்து, உள்ளே ஒரு வாளி நீர் ஊற்றி அடிப்பக்கத்தைத் தடவுங்கள். வெளியே கசிந்தால் விரிசல். கசியவில்லையென்றால் நீர் மேலேயிருந்து வந்திருக்கிறது, அதாவது இடுப்பைச் சுற்றி அணிந்து படகின் வாயை மூடும் ஸ்கர்ட் வழியாக.

ஸ்கர்ட் இரண்டு விதமாக விடும். உயரமான வீழ்ச்சியில் நீர் மேலே கொட்டும்போது தட்டு உள்ளே அமிழ்ந்து விளிம்பு கழன்றுவிட்டால் அது ஒரே நொடியில் படகை நிறைக்கும். அதற்கு விறைப்பான தட்டுள்ள ஓடை ஸ்கர்ட் வேண்டும். மெதுவாகச் சேரும் நீர் என்றால் இடுப்புக் குழல் தளர்ந்திருக்கும், நியோப்ரீன் தேய்ந்திருக்கும், அல்லது விளிம்புக்கும் படகுக்கும் நடுவே மணல் இருக்கும். எந்த ஸ்கர்ட்டாக இருந்தாலும் மாட்டியதும் முன்னால் இருக்கும் இழுப்புப் பட்டை வெளியே தெரிகிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். உள்ளே மடங்கிப்போன பட்டையோடு கவிழ்ந்தவர் வெளியே வர முடியாது. உங்கள் நண்பரின் பட்டையையும் பாருங்கள், அவர் கோபித்துக்கொண்டாலும்.

விரிசல் வழக்கமாக இருக்கைக்கு அடியிலும் குதிகால் படும் இடத்திலும் வரும். ஆற்றங்கரையில் தற்காலிகத் தீர்வு, கூரைக் கசிவுக்கு ஒட்டும் தார் பூசிய அலுமினிய நாடா. பரப்பு துளியும் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். லைட்டரால் இலேசாகச் சூடு காட்டிவிட்டு அழுத்தி ஒட்டுங்கள். வெளிப்புறம் ஒட்டியதைப் பாறை உரித்துவிடும் என்பதால் உட்புறமும் ஒட்டுங்கள். வீடு திரும்பியதும் விரிசலின் இரு முனையிலும் சிறு துளையிட்டால் அது மேலும் ஓடாது; பிறகு அதே பாலிஎத்திலீன் கம்பியால் உருக்கி ஒட்டலாம். எபாக்சி இந்தப் பிளாஸ்டிக்கில் நிற்காது, அதில் காசைக் கரைக்காதீர்கள். குறுக்குப் பிணைப்புள்ள பாலிஎத்திலீன் படகு உருகி ஒட்டாது. வாங்கும்போதே எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

குறி: பாறையில் குறுக்காக ஒட்டிக்கொண்டது, அல்லது மூக்கு இடுக்கில் மாட்டியது

மற்றக் குறிகளை ஆற அமரச் சரிசெய்யலாம். இதில் நேரமில்லை. பாறையை நோக்கி அடித்துப் போகும்போது உடம்பு அதைவிட்டு விலகத்தான் பார்க்கும். விலகினால் மேல்நீர் விளிம்பு தாழும், நீர் ஏறும், படகு பாறையைச் சுற்றி மடியும். மாறாகப் பாறை மேல் சாய்ந்து, அதைக் கையால் அணைத்துக்கொள்ளுங்கள். அப்போது நீர் படகுக்கு அடியில் போகும், நீங்கள் பாறையை ஒட்டியே முன்னோக்கியோ பின்னோக்கியோ நழுவி வரலாம். அடி குடைந்த பாறைக்கு இது பொருந்தாது. அங்கே நீர் பாறையில் மோதித் திரும்பும் நுரைமெத்தை இருக்காது. நீர் சத்தமில்லாமல் அடியில் போய்விடும். மோதும் இடத்தில் நுரை இல்லாத பாறையைக் கண்டால் அதன் பக்கமே தடம் போடாதீர்கள். விழுந்த மரமும் அப்படித்தான்.

நீரின் விசையைக் கணக்கிட்டு மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் ஒரு சதுர மீட்டர் பரப்பில் மோதினால் ஏறத்தாழ 450 கிலோ எடைக்கு ஈடான அழுத்தம். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. நான்கு பேர் கையால் இழுத்து வராததற்குக் காரணம் அவர்களின் வலுக்குறைவு அல்ல.

மீட்பவர்கள் படகை இழுக்க ஓடக் கூடாது. முதலில் மாட்டியவரின் முகம் நீருக்கு மேல் நிற்க வேண்டும். குறுக்கே ஒரு கயிறு கட்டி அவர் சாய்ந்துகொள்ளக் கொடுப்பதே பல நேரம் உயிரைக் காக்கும். அதற்குப் பிறகுதான் வந்த வழியிலேயே பின்னோக்கி இழுப்பது, தேவையானால் கப்பிகள் கொண்டு இழுக்கும் விசையை மூன்று மடங்காக்கும் ‘மூன்றுக்கு ஒன்று’ என்ற இழுவை. எறிகயிறு 15 முதல் 20 மீட்டர் இருக்கட்டும். நீரில் மிதக்கும் வகை. கயிறு வைத்திருப்பவரிடம் கத்தியும் இருந்தே ஆக வேண்டும். நீந்துகிறவர் முழங்காலுக்கு மேற்பட்ட ஓடும் நீரில் எழுந்து நிற்கக் கூடாது. பாறையிடுக்கில் பாதம் சிக்கினால் நீர் முதுகில் ஏறி முகத்தை அமிழ்த்திவிடும்.

குறி: நீர் நிறம் மாறுகிறது

சற்று முன் பச்சையாக இருந்த நீர் செம்மண் நிறமாகக் கலங்குகிறது, இலைதழையும் சுள்ளியும் மிதந்து வருகின்றன, ஓசை தடிக்கிறது. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கலாம்; மேலே இருக்கும் வெள்ளரிமலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். இந்த ஓடைகளின் நீர்ப்பிடிப்புப் பரப்பு சிறியது, சரிவு அதிகம். ஆகையால் பெரிய ஆறு நாள் கணக்கில் ஏறுவதை இவை நிமிடக் கணக்கில் ஏறிவிடும்.

உடனே கரை. எந்தக் கரையில் பாதை இருக்கிறதோ அந்தக் கரை. இன்னொரு வீழ்ச்சிதானே, முடித்துவிட்டுப் போகலாம் என்ற பேச்சே கூடாது. இருபுறமும் பாறைச்சுவர் எழும் இடுக்குப் பகுதிக்குள் போன பிறகு இந்தக் குறியைக் கண்டால் செய்ய அதிகமில்லை. எனவே இடுக்கின் வாயிலேயே ஒரு கல்லைக் குறிவைத்து, கரையேறிப் பார்க்கும் நேரமெல்லாம் அதன் மேல் நீர் ஏறியிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். ஏறினால் உள்ளே போவதில்லை. கோடஞ்சேரிப் பக்கத்து ரப்பர் தோட்டக்காரர்களும் ஆற்றங்கரைக் கடைக்காரர்களும் இந்த ஆறுகளை வாழ்நாள் முழுதும் பார்த்தவர்கள். ‘சேட்டா, மேலே மழையா?’ என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். அவர் தலையாட்டிய விதத்தைப் பார்த்து நான் படகை மறுபடியும் வண்டியில் ஏற்றியதுண்டு. அரிப்பாறை அருவியில் வெறுமனே குளிக்க இறங்கி உயிர்விட்டவர்கள் பலர். அதை அறிந்தவர்களின் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும்.

குறி: குழு ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகிறது

இரண்டு பேர் ஒரே ஹோலில் மோதிக்கொள்கிறார்கள் என்றால் சைகை பேசிவைக்கவில்லை. துடுப்பைச் செங்குத்தாகப் பிடித்தால் வரலாம். கிடையாகப் பிடித்தால் நில். ஒரு விசில் என்றால் என்னைப் பார், மூன்று விசில் என்றால் ஆபத்து. முந்தியவர் எடியில் நின்று சைகை காட்டும்வரை பிந்தியவர் அசையக் கூடாது. நீரின் இரைச்சலில் கத்திப் பயனில்லை.

குறி: உடம்பு சொல்வது

தோள் வலித்தால், கவிழாமல் ஊன்றும்போது கை தலைக்கு மேலே போகிறது. முழங்கையை விலாவோடு ஒட்டி, கைகளை நெற்றிக்குக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள். தோள் கழன்றுவிட்டால் ஆற்றங்கரையில் யாரும் இழுத்துப் போட முயலக் கூடாது. கையை உடம்போடு சேர்த்துக் கட்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தட்டையாக இறங்கிய பிறகு முதுகு வலியோடு கால் மரத்தால் அவரை எழுப்பி உட்கார வைக்காதீர்கள்.

கடைசியாக, ஆற்றைவிட்டு வந்த பிறகு தெரியும் ஒரு குறி. கேரளத்தில் மழைக்காலம் எலிக்காய்ச்சலின் காலமும்கூட. எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து கிருமி தோல் சிராய்ப்பு வழியாக உள்ளே போகும். ஓடையில் இறங்கியவர் கையில் சிராய்ப்பு இல்லாத நாள் ஏது? பெரும்பாலும் ஐந்து நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் தசை வலி, கண் சிவப்பு என்று தொடங்கும். முன்கூட்டியே டாக்சிசைக்ளின் எடுத்துக்கொள்வது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். காய்ச்சல் வந்துவிட்டால் சாதாரணச் சளி என்று மாத்திரை போட்டுப் படுக்காமல், மருத்துவரிடம் முதல் வாக்கியமாக ‘நான் ஆற்று நீரில் இருந்தேன்’ என்று சொல்லுங்கள். எந்தத் தேதியில் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.